சங்கிலியை அளந்தவர்கள்



நிலத்தை அளப்பதற்குச் சங்கிலி வேண்டும் என்பது நாட்டுப்புறத்தில் பிறந்தவர் யாவரும் அறிந்த செய்தி. போடிநாயக்கனூருக்கு மேற்கே ஏலமலைச் சரிவுகளில் தோட்டம் வைத்திருந்தவர்கள், எல்லைத் தகராறு என்று ஒன்று வந்துவிட்டால், சர்வேயரையும் அவருடைய சங்கிலியையும் எதிர்பார்த்து நாள்கணக்கில் காத்திருந்த காலம் உண்டு. சங்கிலி சொன்னதே முடிந்த அளவு. அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால், அந்தச் சங்கிலி நீளம் குறையாமலும் கூடாமலும் இருக்கிறதா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? அவ்வாறு கேட்ட சிலரால்தான் விஞ்ஞானம் வளர்ந்தது. அவர்களைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன்.

இது இரும்புச் சங்கிலியில் தொடங்கி, அயனிகளின் சங்கிலியில் வந்து சேரும் வரலாறு. அயனி என்பது யாது? ஓர் அணு தன்னிடமுள்ள எலெக்ட்ரான்களில் ஒன்றையோ சிலவற்றையோ இழந்தால், அல்லது மிகையாக ஒன்றைப் பெற்றால், அதற்கு மின்னூட்டம் வந்துவிடுகிறது. மின்னூட்டம் பெற்ற அந்த அணுவே அயனி. அத்தகைய அயனிகள் பத்தோ இருபதோ, வெற்றிடத்தின் நடுவே, எதன்மேலும் படாமல், நூலில் கோத்த மணிகளைப் போல வரிசையாக நிற்குமாறு செய்ய இன்றைய பௌதிக அறிஞர்களால் இயலும். நிறுத்துவதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. அந்த வரிசையை அளக்கிறார்கள். அந்த அளவையின் கதையைச் சொல்ல, முதலில் சென்னைக்குச் செல்ல வேண்டும்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பரங்கிமலையின் அருகே, வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பின்னாளில் இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடிய மாபெரும் நில அளவைக்கு அதுவே தொடக்கம். கோட்டின் நீளம் ஏழரை மைல். அவரிடம் இருந்தது நூறடி நீளமுள்ள ஓர் எஃகுச் சங்கிலி. அதனை ஏறத்தாழ நானூறு முறை அடுத்தடுத்து வைத்து அளக்க வேண்டும். இந்த வேலைக்கு ஐம்பத்தேழு நாட்கள் பிடித்தன என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஏழரை மைலை நடந்தே கடக்க மூன்று மணி நேரம் போதுமே!

காரணம் இதுதான். எஃகு வெயிலில் நீள்கிறது, நிழலில் சுருங்குகிறது. நூறடி எஃகு பத்துப் பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இஃது ஓர் அற்ப அளவாகத் தோன்றும். ஆனால், அதே பிழை நானூறு முறையும் சேர்ந்தால் நாலரை அடியாகிவிடும். ஆகவே லாம்டன் சங்கிலியைத் தரையில் போடவில்லை. மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகள்மேல் தாங்கி, நிழல் அமைத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு வைப்புக்கும் சங்கிலியின் சூட்டைக் குறித்துக்கொண்டார். நிலத்தை அளப்பதற்கு அவர் செலவிட்ட உழைப்பைவிடச் சங்கிலியைக் காப்பதற்கும் அறிவதற்கும் செலவிட்ட உழைப்பே மிகுதி எனலாம். 1804ஆம் ஆண்டில் பெங்களூருக்கு அருகே இன்னோர் அடிக்கோட்டை நேராக அளந்து, சென்னையிலிருந்து முக்கோணக் கணக்கால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டபோது, சில அங்குல வேறுபாடே தெரிந்தது. ஒன்றை இரு வழிகளில் அளந்து, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்ப்பது அளவைக் கலையின் முதற்பாடம். இதனை நினைவில் வையுங்கள். கடைசி வரையில் இந்தப் பாடம் நம்முடன் வரும்.

இனி, நம் மலைகளுக்கு வருவோம். போடியில் நின்று மேற்கே பார்த்தால் ஏலமலை. வடகிழக்கே பார்த்தால் பழனி மலைத்தொடர். அத்தொடரின் உச்சியில், கொடைக்கானலில், 1899ஆம் ஆண்டு முதல் சூரியனை ஆராயும் நிலையம் ஒன்று இயங்கி வருகிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகப் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். இந்நிலையத்தார் சூரியனை வெறுமனே படம் பிடிக்கவில்லை. சூரிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதிலிருந்து ஒரே ஒரு நிறத்தை மட்டும் வடித்தெடுத்து, அந்நிறத்தில் சூரியன் எவ்வாறு தோன்றுகிறான் என்று பதிவு செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த நிறம், ஊதாவின் ஓரத்தில், நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் ஒரு கோடு. அதற்குக் ‘கே’ கோடு என்று பெயர். அதன் பக்கத்திலேயே ‘ஹெச்’ என்னும் இன்னொரு கோடு இரட்டைப் பிள்ளை போல நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து 2007ஆம் ஆண்டு வரை, வானம் தெளிந்த நாட்களிலெல்லாம், கொடைக்கானலில் அந்தக் ‘கே’ கோட்டுப் படம் எடுக்கப்பட்டது. உலகில் இத்தனை நீண்ட காலம் இடைவிடாது வளர்ந்த சூரியப் படத்தொகுப்புகள் மிகச் சிலவே.

அந்த இரு கோடுகளையும் உண்டாக்குவது எது? கால்சியம். நம் எலும்பிலும் சுண்ணாம்பிலும் உள்ள அதே கால்சியம். ஆனால், இங்கே ஒரு புதிர் எழுந்தது. சோதனைச்சாலையில் சாதாரணச் சுடரில் கால்சியத்தை இட்டால் வேறொரு கோடே வலுவாகத் தெரிந்தது. சூரியனிலோ ‘ஹெச்’, ‘கே’ கோடுகள் மேலோங்கி நின்றன. அதிலும், சூரியனுடைய வாயுமண்டலத்தின் மிக உயர்ந்த அடுக்குகளில், கால்சியம் போன்ற கனமான பொருள் ஏறிச் செல்லவே கூடாத உயரத்தில், அக்கோடுகள் காணப்பட்டன.

இப்புதிரை அவிழ்த்தவர் ஓர் இந்தியர். டாக்காவுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த மேகநாத சாகா, 1920ஆம் ஆண்டில், முப்பது வயதைக்கூட எட்டாத பருவத்தில், அயனியாதல் பற்றிய தம் சமன்பாட்டை வெளியிட்டார். வெப்பம் மிகுந்தால் அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும்; அழுத்தம் குறைந்தாலும் இழப்பது எளிதாகும் என்பதை அவர் கணக்கால் காட்டினார். ‘ஹெச்’, ‘கே’ கோடுகள் முழு அணுவுக்கு உரியவை அல்ல. ஓர் எலெக்ட்ரானை இழந்த கால்சியம் அயனிக்கு உரியவை. சூரியனின் உயர் அடுக்குகளில் அழுத்தம் மிகக் குறைவு. ஆதலால் அங்கே கால்சியம் அயனியாகவே உலவுகிறது. இங்கே கொடைக்கானல் மலையில் ஆண்டுக்கணக்காகப் படம் பிடிக்கப்பட்டது அயனிகளின் ஒளியே என்பது அப்போது தெளிவாயிற்று.

கொடைக்கானலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1909ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியக் களங்கங்களின் விளிம்பில் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமாகவும், விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமாகவும் நகரும் என்பது டாப்ளர் விதி. அவ்விதியைக் கொண்டு, களங்கத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக வாயு பாய்கிறது என்று அவர் நிலைநாட்டினார். இன்றும் உலகம் அதனை எவர்ஷெட் விளைவு என்றே அழைக்கிறது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வாயுவின் வேகத்தை ஒரு கோட்டின் நகர்விலிருந்து அளந்த விதியும், அந்தக் கால்சியம் அயனியின் ஊதா ஒளியும் மீண்டும் ஓரிடத்தில் சந்திக்கப் போகின்றன.

சூரியனில் உள்ள அயனிகள் எண்ணில் அடங்காதவை. ஓர் அயனியை மட்டும் தனியே பிடித்து நிறுத்த முடியுமா? முடியாது என்று தோன்றுவதற்கு ஒரு பழைய கணிதத் தேற்றம் காரணமாக இருந்தது. 1842ஆம் ஆண்டில் சாமுவேல் எர்ன்ஷா வெளியிட்ட அத்தேற்றத்தின்படி, அசையாத மின்புலங்களை எவ்வளவு சாமர்த்தியமாக அமைத்தாலும், மின்னூட்டம் பெற்ற ஒரு துகளை வெற்றிடத்தில் நிலையாக நிறுத்த இயலாது. ஒரு திசையில் அணைத்தால் மற்றொரு திசையில் நழுவிவிடும். குதிரைச் சேணத்தின்மேல் வைத்த கோலிக்குண்டை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின்னாக உருளாது, ஆனால் பக்கவாட்டில் விழுந்துவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியில், பான் நகரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வொல்ப்காங் பால். 1950களில் அவர் செய்தது, அசையாத புலத்துக்குப் பதிலாக ஓயாமல் திசை மாறும் புலத்தை வைத்ததாகும். சிலம்பக் கழியை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தும் வீரனைப் பார்த்திருப்பீர்கள். கையை அசைக்காமல் வைத்தால் கழி விழும். சாயும் பக்கத்துக்கெல்லாம் கை விரைந்து போனால் கழி நிற்கும். பால் அமைத்த பொறியிலும், நான்கு உலோகக் கோல்களுக்கு விநாடிக்குப் பல லட்சம், சில சமயம் பல கோடி முறை மாறும் மின்னழுத்தம் தரப்படுகிறது. அயனி ஒரு பக்கம் நழுவத் தொடங்குவதற்குள் அணைக்கும் திசை மாறிவிடுகிறது. வரிசையின் இரு முனைகளிலும் நிலையான மின்னழுத்தத்தை வைத்து வாயிலை அடைத்துவிடுகிறார்கள். இதே துறையில் அமெரிக்காவில் ஹான்ஸ் டெமெல்ட் உழைத்தார். 1989ஆம் ஆண்டின் நோபெல் பரிசில் பாதியை இவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர்.

பிடித்தால் போதாது, அமைதிப்படுத்தவும் வேண்டும். அறை வெப்பத்தில் அயனி தாறுமாறாக ஓடும். அதனை அடக்கியது எவர்ஷெட் கையாண்ட அதே டாப்ளர் விதி. அயனி விழுங்கும் நிறத்தைவிடச் சற்றே சிவப்புப் பக்கமாக லேசர் ஒளியை வைத்தால், ஒளியை எதிர்த்து ஓடிவரும் அயனிக்கு மட்டும் அவ்வொளி சரியான நிறமாகத் தோன்றும். அது ஒளியை விழுங்கும். விழுங்கும்போதெல்லாம் எதிர்த்தள்ளல் பெற்று வேகம் குறையும். இந்தக் கருத்து 1975ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டு, 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்டர் நகரிலும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரிலும் செய்து காட்டப்பட்டது. 1980ஆம் ஆண்டில் ஹைடல்பெர்கில் ஒற்றை பேரியம் அயனியின் ஒளிப்புள்ளி படமாகப் பதிவாயிற்று. அணு உண்டா இல்லையா என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் அறிஞர்களே வாதிட்டதை நினைக்கும்போது, தனி ஓர் அணுவின் நிழற்படம் எத்தகைய நிகழ்ச்சி என்பது விளங்கும்.

அயனிகள் இவ்வாறு குளிர்ந்து, தனிச்சுழி வெப்பத்துக்கு மேலே ஆயிரத்தில் ஒரு பாகை என்ற அளவை நெருங்கும்போது, ஓர் அழகிய ஒழுங்கு பிறக்கிறது. பொறி அவற்றை நடுவே நெருக்குகிறது. ஒத்த மின்னூட்டம் அவற்றை ஒன்றையொன்று விலக்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டு, அவை தத்தம் இடத்தில் நின்றுவிடுகின்றன. 1987ஆம் ஆண்டில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய அயனிப் படிகங்கள் முதன்முறையாகக் காணப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் நேர்க்கோட்டுச் சங்கிலிகளும் அமைந்தன. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரத்து அறிஞர்கள் இதற்குத் தேர்ந்தெடுத்தது கால்சியம் அயனியை. அதனைக் குளிர்விக்கவும் ஒளிரச் செய்யவும் பயன்படுவது 397 நானோமீட்டர் ஊதா ஒளி. அது வேறு எதுவுமன்று. சூரிய நிறமாலையின் ‘ஹெச்’ கோடு! கொடைக்கானல் நிலையத்தார் படம்பிடித்த ‘கே’ கோட்டின் இரட்டைப் பிறவி.

இந்தச் சங்கிலியை எவ்வாறு அளக்கிறார்கள்? இதுவே என் பேச்சின் நடுப்பகுதி. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணுதல். நுட்பமான கேமராவில் ஒவ்வோர் அயனியும் ஓர் ஒளிப்புள்ளி. எத்தனை புள்ளிகளோ அத்தனை அயனிகள். புள்ளிகளின் இடைவெளியையும் அளக்கலாம். நடுவிலுள்ளவை நெருங்கியும் ஓரத்திலுள்ளவை தள்ளியும் நிற்கும். ஏனெனில் ஓரத்தில் உள்ளவை நடுவிலுள்ள அனைத்தையும் உள்நோக்கி நெருக்குகின்றன. ஓரத்தவற்றை வெளியிலிருந்து நெருக்க அயனி ஏதும் இல்லை. இரண்டே கால்சியம் அயனிகளை எடுத்துக்கொள்வோம். பொறியின் அச்சுவழியே ஓர் அயனி விநாடிக்குப் பத்து லட்சம் முறை ஊசலாடுமாறு பொறி அமைந்திருந்தால், இரண்டுக்கும் இடையே 5.6 மைக்ரோமீட்டர் இடைவெளி இருக்கும் என்று கணக்கு சொல்லும். நம் ஊர் வியாபாரிகள் எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து எடுக்கும் முதல்தர ஏலக்காய் ஒன்றின் குறுக்களவுக்குள் அத்தகைய இடைவெளிகள் ஆயிரத்து நானூறு அடங்கும்.

இரண்டாவது, ஊசலை அளத்தல். ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டத்தைத் தரும். தாளம் தப்பினால் எவ்வளவு தள்ளியும் பயனில்லை. அதுபோல, மிகச் சிறிய மாறுமின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து, அதன் அதிர்வெண்ணை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போவார்கள். குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் கூர்மையான புள்ளிகள் திடீரெனக் கோடுகளாகக் கலங்கும். அதுவே சங்கிலியின் தாளம். இப்போது பாருங்கள்: இடைவெளியைக் கொண்டு கணக்கிட்ட அதிர்வெண்ணும், ஆட்டிப் பார்த்துக் கண்ட அதிர்வெண்ணும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால், கேமராவின் உருப்பெருக்கத்தைத் தவறாக எடுத்திருக்கிறோம், அல்லது பொறியில் நாம் அறியாத ஒரு புலம் இருக்கிறது. சென்னையிலும் பெங்களூரிலும் இரு அடிக்கோடுகளை அளந்த பாடம் இங்கேயும் அப்படியே வருகிறது.

மூன்றாவது, கூட்டாட்டம். அயனிகள் தனித்தனியே நின்றாலும் மின்விலக்கம் என்னும் காணாக் கயிற்றால் பிணைக்கப்பட்டவை. களத்துமேட்டில் பிணையல் மாடுகளை ஓட்டும்போது ஒன்று தயங்கினால் எல்லாம் தயங்கும் அல்லவா? அதுபோன்றதே இது. அச்சுவழியே பத்து அயனிகளுக்குப் பத்து வகைக் கூட்டாட்டங்கள் உண்டு. முதல் வகையில் எல்லாம் சேர்ந்து ஒரே திசையில் ஆடும். இரண்டாவது வகையில் நடுவிலிருந்து இருபுறமும் விரிந்தும் சுருங்கியும், மூச்சு விடுவது போல ஆடும். இவ்விரண்டின் அதிர்வெண்களுக்கும் உள்ள விகிதம் மூன்றின் வர்க்கமூலம், அதாவது 1.732. வியப்பு என்னவென்றால், அயனிகள் இரண்டானாலும் பத்தானாலும் இவ்விகிதம் மாறாது. 1998ஆம் ஆண்டில் இன்ஸ்புருக் அறிஞர்கள் கால்சியம் சங்கிலிகளை ஆட்டிப் பார்த்து இந்த வகைகளை நேரில் கண்டனர்.

நான்காவது, வரிசையில் விழும் இருள். சில வேளைகளில் சங்கிலியின் நடுவே ஒரு புள்ளி மட்டும் இராது. ஆனால் அந்த இடம் காலியாகவே இருக்கும், மற்றவை நெருங்கி அடைத்துக்கொள்ளா. அங்கே வேறோர் இனத்து அயனி நிற்கிறது. அது நம் லேசர் ஒளிக்குப் பதில் சொல்லாது. அதன் எடை மாறுபட்டது ஆகையால் சங்கிலியின் தாளமும் மாறும். தாளம் எவ்வளவு மாறியது என்பதைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அந்த ஒற்றை அயனியின் எடையை அறிந்து, இன்னதென்று அடையாளம் காண்கிறார்கள். வகுப்பில் பதில் சொல்லாத மாணவன் இல்லாத மாணவன் ஆகான் என்பதை ஆசிரியர் நன்கு அறிவர்!

ஐந்தாவது, குற்றங்களை அளத்தல். உலோகத்தின் மேற்பரப்பில் தங்கிய சிறு மின்னூட்டம் சங்கிலியை நடு அச்சிலிருந்து சற்றே தள்ளிவிடும். அப்போது மாறுமின்னழுத்தத்தின் தாளத்தில் அயனி நடுங்கத் தொடங்கும். அது வெளியிடும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து அந்த நடுக்கத்தைக் கண்டு, எதிர் மின்னழுத்தம் கொடுத்துச் சரிசெய்வார்கள். லேசரை நிறுத்திய பின் சங்கிலி எவ்வளவு விரைவில் சூடேறுகிறது என்பதும் அளக்கப்படும். நூறு லட்சம் கோடியில் ஒரு பங்காகக் காற்றழுத்தத்தைக் குறைத்த வெற்றிடத்திலும், உலோகப் பரப்பின் மின்னிரைச்சல் அயனிகளைத் தொந்தரவு செய்துகொண்டே இருக்கிறது. லாம்டனுக்கு வெயில் எதுவோ, இவர்களுக்கு அந்த இரைச்சல் அது.

இத்தனை அளந்த பிறகே சங்கிலியை வேலைக்கு வைப்பார்கள். கால்சியம் அயனியை 729 நானோமீட்டர் செந்நிற ஒளியால் ஒரு மேல்நிலைக்கு ஏற்றலாம். அங்கே அது ஒரு விநாடிக்குச் சற்று மேல் தங்கும். அந்நிலையில் ஊதா ஒளி பட்டாலும் ஒளிராது. ஒளிர்ந்தால் ஒன்று, இருண்டால் மற்றொன்று. இதுவே குவாண்டம் கணக்கின் அரிச்சுவடி. அயனிச் சங்கிலியால் கணக்கிடலாம் என்று 1995ஆம் ஆண்டில் சிராக், சோலர் என்னும் இருவர் வழி காட்டினர். கூட்டாட்டமே ஓர் அயனியின் செய்தியை இன்னோர் அயனிக்குக் கொண்டு செல்லும் தூது. 2011ஆம் ஆண்டில் இன்ஸ்புருக்கில் பதினான்கு கால்சியம் அயனிகளை ஒரே குவாண்டம் பிணைப்பில் கோத்தார்கள். இத்துறையில் வழிகாட்டிய அமெரிக்கர் டேவிட் வைன்லாண்ட், 2012ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு செர்ஜ் ஹரோஷுடன் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அயனி ஒரு கடிகாரமாகவும் பயன்படுகிறது. அலுமினிய அயனி ஒன்றும், அதன் நிலையைப் படித்துச் சொல்லும் துணை அயனி ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க, அவற்றைக் கொண்டு காலத்தை அளக்கிறார்கள். உயரத்தில் உள்ள கடிகாரம் தாழ்வில் உள்ளதைவிடச் சற்று வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைனின் கொள்கை. 2010ஆம் ஆண்டில், இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி, அந்த வேறுபாட்டைக் கண்டுவிட்டார்கள்! அத்தகைய கடிகாரங்களில் ஒன்றைப் போடியிலும் மற்றொன்றை ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டிலும் வைத்தால், மேலுள்ளது ஆண்டுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் மூன்றரைப் பங்கு முந்தும். மலையின் உயரத்தைச் சங்கிலியும் முக்கோணமும் இல்லாமல், காலத்தைக் கொண்டே அளக்கும் வழி இது.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். 2012ஆம் ஆண்டில் பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தினர், பொறியில் நிறுத்திய ருபீடியம் அயனிகளைக் குளிர்ந்த ருபீடியம் அணுக்களின் நடுவே வைத்து, மோதலினாலேயே அயனிகள் குளிர்வதைக் காட்டினர். 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு ஆறாயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இளைஞர்களுக்கு இனி இத்துறையில் வேலை உண்டு.

ஆனால், எங்கள் ஊரில் நின்று பௌதிகத்தைப் பற்றிப் பேசும் எவரும் இன்னொன்றைச் சொல்லாமல் போக முடியாது. போடிக்குத் தெற்கே, பொட்டிப்புரத்தை அடுத்த மலையின் அடியில், நியூட்ரினோ ஆய்வகம் ஒன்றை அமைப்பதற்கு 2015ஆம் ஆண்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அயனியை ஏன் பிடித்து நிறுத்த முடிகிறது? அதற்கு மின்னூட்டம் இருப்பதால். நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. எந்தப் பொறியாலும் அதனை நிறுத்த முடியாது. உலகத்தையே ஊடுருவிச் சென்றுவிடும். ஆகவேதான் ஐம்பதாயிரம் டன் இரும்பை மலைக்குள் அடுக்கி, அதில் எப்போதோ ஒருமுறை மோதும் நியூட்ரினோவுக்காகக் காத்திருக்கத் திட்டமிட்டனர். ஒரு பொருளுக்கு மேசைமேல் வைக்கத்தக்க பொறி போதும்; இன்னொரு பொருளுக்கு மலையே வேண்டியிருக்கிறது.

மலை வேண்டும் என்றால் மலையில் வாழ்வோரையும் கேட்க வேண்டும். ஊற்று வற்றுமா, ஆடுமாடு மேயும் இடம் போகுமா, பாறையை வெடித்தால் மலை தாங்குமா என்று சிற்றூர் மக்கள் கேட்டார்கள். காட்டு விலங்குகளின், குறிப்பாகப் புலிகளின் வழித்தடம் பற்றிய கேள்வியும் எழுந்தது. ஆய்வகத்திலிருந்து கதிர்வீச்சு ஏதும் வெளிவராது, வானிலிருந்து வருவதை அது பார்க்க மட்டுமே செய்யும் என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். 2018ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது, வழக்குகள் தொடர்ந்தன, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு, இத்திட்டத்துக்கு இசைய இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதற்கிடையே 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிப் பொறி ஒன்று மதுரையில் இயங்கி, வானிலிருந்து பொழியும் மியுவான் துகள்களைப் பதிவு செய்தது.

அந்த ஆண்டுகளில் நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில், ஒரே பெஞ்சில் அமர்ந்த இரு மாணவர்கள் இரு கட்சியாக நின்றதைக் கண்டிருக்கிறேன். ஒருவன், ‘நம் ஊருக்குப் பெரிய ஆராய்ச்சி வருகிறது, ஏன் தடுக்க வேண்டும்?’ என்பான். மற்றவன், ‘என் தாத்தா வெட்டிய கிணறு அந்த மலையடியில் இருக்கிறது’ என்பான். நான் இருவரையும் அடக்கவில்லை. கிணற்றின் நீர்மட்டம் எவ்வளவு, கோடையில் எவ்வளவு இறங்குகிறது, சுரங்கம் எந்தப் பக்கம் போகும், எந்தப் பாறை என்று எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கோபத்தோடு போனவர்கள் கயிறும் நோட்டுப்புத்தகமும் எடுத்துக்கொண்டு ஒன்றாகவே போனார்கள். ஒரு வழக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்பது அவரவர் உரிமை. அளக்காமல் நிற்கலாகாது என்பதே ஆசிரியன் சொல்லக்கூடியது. மலையைக் கேட்கும் விஞ்ஞானியும் தன் கருவியை அளப்பது போலவே தன்னால் ஊருக்கு நேரும் விளைவையும் அளந்து, ஊராருக்கு விளங்கும் மொழியில் அதனைச் சொல்லக் கடமைப்பட்டவன். கேள்வி கேட்கும் ஊராரும் அந்த அளவைப் படித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், ஏமாறவும் மாட்டார்கள், வீணாக அஞ்சவும் மாட்டார்கள்.

மாணவர்களே, இன்று நான் சொன்னவற்றுள் பெயர்களும் ஆண்டுகளும் மறந்து போகலாம். அவை நூல்களில் கிடைக்கும். லாம்டன் சங்கிலிக்குப் பக்கத்தில் வெப்பமானி வைத்ததையும், கொடைக்கானலில் தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் ஒரே கோட்டைப் படம்பிடித்ததையும், இன்றைய ஆய்வாளன் ஓர் அயனியின் நடுக்கத்தைக்கூடக் கணக்கில் எழுதிக்கொள்வதையும் மறவாதீர்கள். உங்கள் பள்ளிச் சோதனைச்சாலையில் அளவுகோலைக் கையில் எடுக்கும்போது, அதன் முனை தேய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து அளந்து, அதனைக் கழித்து எழுதுங்கள். ஏலமலைக் காற்றைச் சுவாசித்து வளர்ந்த பிள்ளைகளில் ஒருவனோ ஒருத்தியோ நாளை ஓர் ஆய்வகத்தில், இருட்டறையில், ஊதா ஒளிப்புள்ளிகளின் வரிசையைப் பார்க்க நேர்ந்தால், அந்த ஒளியை நம் பக்கத்து மலையில் ஒரு நூற்றாண்டாகக் குறித்து வைத்தவர்கள் உண்டு என்பது நினைவுக்கு வரட்டும்.